ஹாலிவுட் மேல் வெறுப்பு வந்ததால்தான் தியேட்டரில் கூட்டம் குறைந்ததா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன்: "ஹாலிவுட்டின் பெரிய படங்கள் அடுத்தடுத்து ஊற்றிக்கொள்கின்றன. அமெரிக்க மக்களுக்கே ஹாலிவுட் மேல் வெறுப்பு வந்துவிட்டது, அரசியல் பேசியே கெட்டார்கள் என்கிறார்கள். வசூல் கணக்கு அதைத்தான் காட்டுகிறதா? பழைய நிலை திரும்புமா?" இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஹாலிவுட் மேல் இருந்த மதிப்பு குறைந்திருக்கிறதா என்பது ஒன்று. வசூல் குறைந்ததற்கு அதுதான் காரணமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆமாம் என்றும் இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை என்றும் ஒரே ஆள் சொல்ல முடியும். நான் அப்படிச் சொல்கிற ஆள்.

எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஒரு தியேட்டர் நிறுவனத்தில், எந்தப் படத்துக்கு எத்தனை திரை, எத்தனை காட்சி என்று ஒதுக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன். ஸ்டூடியோ அறைகளுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது என் வேலையில் வராது. டிக்கெட் கவுண்டர் பக்கம் நடப்பது தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு டாலர் கணக்கைவிடத் தலைக்கணக்குதான் முக்கியம். டிக்கெட் பணத்தில் பாதிக்கு மேல் ஸ்டூடியோவுக்குப் போய்விடும். தியேட்டர் பிழைப்பது பாப்கார்னிலும் கோலாவிலும். எத்தனை டாலர் வந்தது என்பதைவிட எத்தனை வயிறு உள்ளே வந்தது என்பதுதான் எங்கள் கவலை. தலைக்கணக்கில் பார்த்தால் உங்கள் கேள்வி வேறு மாதிரி தெரியும், அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

நிச்சயமான விஷயங்களிலிருந்து ஆரம்பிக்கலாம். அமெரிக்க வசூல் எண்கள் நம் ஊர் போஸ்டர் வசூல் மாதிரி இல்லை. கவுண்டரில் கிழிக்கும் டிக்கெட் கணக்கு, வசூலைத் திரட்டும் காம்ஸ்கோர் நிறுவனத்துக்கு நேராகப் போகிறது. ஞாயிற்றுக்கிழமை செய்தியில் வருவது ஸ்டூடியோவின் மதிப்பீடு. அதில் ஞாயிறு வசூலே ஓர் ஊகம்தான். திங்கட்கிழமை அது சரிசெய்யப்படும். ஒரு சில லட்சம் டாலர் முன்னே பின்னே இருக்கலாம், பொய்க்கணக்கு காட்டுவது கடினம். எண்களை நம்பலாம். எண்ணிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் சண்டையே.

அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்த வசூல் 2018 இல் ஏறக்குறைய 1,190 கோடி டாலர், அன்றைக்கு அதுதான் உச்சம். 2019 இல் 1,140 கோடி. 2020 இல் கொரோனாவால் 200 கோடியை ஒட்டி விழுந்தது. மெல்ல ஏறி 2023 இல் 900 கோடியை நெருங்கியது, 2024 இல் 870 கோடி அளவில் நின்றது. இதை மட்டும் பார்த்தால் 2018 வரை எல்லாம் நன்றாக இருந்தது, அப்புறம் மக்கள் கோபப்பட்டு ஒதுங்கினார்கள் என்று தோன்றும்.

தலைக்கணக்கு வேறு கதை சொல்கிறது. இந்த நூற்றாண்டில் டிக்கெட் அதிகம் விற்றது 2002 இல், சுமார் 157 கோடி. 2019 இல் அது 123 கோடி அளவுக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் சராசரி டிக்கெட் விலை ஆறு டாலருக்குச் சற்றுக் கீழேயிருந்து ஒன்பது டாலருக்குச் சற்று மேலே போனது. கூட்டம் கரைந்துகொண்டே இருந்தது, விலை ஏற்றம் அதை மூடி மறைத்தது. 2002 இல் ஆளுக்கு வருடத்துக்கு ஐந்து படம், 2019 இல் மூன்றரைக்குச் சற்றுக் குறைவு, 2023 இல் இரண்டுக்குச் சற்று மேலே. இன்னும் பின்னால் போனால் 1946. மக்கள்தொகை 14 கோடி இருந்த நாட்டில் வாரத்துக்கு எட்டு ஒன்பது கோடி டிக்கெட் விற்றதாக அந்தக் காலக் கணக்கு. ஆளுக்கு வருடத்துக்கு முப்பது படம்! எண்பது வருடமாக இறங்கிக்கொண்டிருக்கும் ஒன்றுக்கு ஐந்தாறு வருடச் சண்டையைக் காரணம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, 2019க்குப் பிறகு இறங்கிய வேகமாவது வெறுப்பால் வந்ததா? இங்கே ஒரு ஜோடிப் படங்களைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம், இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது.

2019 மார்ச்சில் டிஸ்னிக்குச் சொந்தமான மார்வெல் நிறுவனத்தின் சூப்பர் ஹீரோ படம் 'கேப்டன் மார்வெல்' வந்தது. வெளியாவதற்கு முன்பே நாயகி பேசிய பேச்சுக்காக இணையத்தில் ஒரு பெரிய கூட்டம் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. சினிமா விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் தளம், படம் வருவதற்கு முன்பே ரசிகர்கள் கருத்து எழுதும் வசதியை அந்த நேரத்தில் எடுத்தே விட்டது. கோபத்துக்குக் குறைவே இல்லை. படம் முதல் வார இறுதியில் உள்நாட்டில் (அதாவது அமெரிக்காவும் கனடாவும்) மட்டும் 15 கோடி டாலர் தாண்டியது, உலகம் முழுக்க 113 கோடி டாலர். 2023 நவம்பரில் அதே நாயகி, அதே நிறுவனம், அடுத்த பாகம்: 'தி மார்வெல்ஸ்'. முதல் வார இறுதி 4.6 கோடி. இரண்டாவது வார இறுதி சுமார் ஒரு கோடி, அதாவது 78 சதவீதச் சரிவு. உலகம் முழுக்க 20.6 கோடியோடு கதை முடிந்தது. உடனே 'பார்த்தீர்களா, மக்கள் தண்டித்துவிட்டார்கள்' என்றார்கள். தண்டிக்கச் சொன்ன அதே ஆட்கள் 2019 இலும் இருந்தார்கள், அதே சத்தம்தான் போட்டார்கள். இடையில் மாறியது வேறு.

2019 இல் அந்தப் படம், எல்லாரும் காத்திருந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' வெளியாவதற்கு ஏழு வாரம் முன்னால் வந்தது. இதைப் பார்க்காமல் அதைப் பார்க்க முடியாது என்ற எண்ணம் இருந்தது. அந்த ஆண்டு நவம்பரில் டிஸ்னியின் ஓடிடி தளமான டிஸ்னி பிளஸ் தொடங்கியது. அதற்குப் பிறகு அதே பாத்திரங்கள் தொடர் தொடராக வீட்டுக்கு வர ஆரம்பித்தன. 'தி மார்வெல்ஸ்' படத்தில் மூன்று நாயகிகள். அவர்களில் இருவரைத் தெரிந்துகொள்ள இரண்டு ஓடிடி தொடர்களைப் பார்த்திருக்க வேண்டும். வீட்டுப்பாடம் செய்துவிட்டு யார் சினிமாவுக்கு வருவார்கள்? நடிகர்கள் சங்க வேலைநிறுத்தம் முடிந்தது நவம்பர் 9, படம் வந்தது நவம்பர் 10. அதனால் ஒரு பேட்டிகூட ஒழுங்காகக் கொடுக்க முடியவில்லை. சீனாவில் முதல் படம் 15 கோடி டாலருக்கு மேல் எடுத்திருந்தது, இரண்டாவது படம் அதில் பத்தில் ஒரு பங்குதான். முதல் நாள் பார்வையாளர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் முதல் படத்துக்கு ஏ, இரண்டாவதற்கு பி. ஆசையாக முதல் நாளே ஓடிவந்த ரசிகரே பி கொடுத்தால் அடுத்த வாரம் பெரிய அரங்கை வேறு படத்துக்கு மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். கோபக்காரர்கள் அந்தக் கணிப்பில் இல்லவே இல்லை, அவர்கள்தான் வரவில்லையே.

இன்னொரு ஜோடி, இன்னும் சமீபத்தியது. 2025 மார்ச்சில் 'ஸ்நோ ஒயிட்'. நடிகர் தேர்வு, நாயகியின் பேட்டிகள், காஸா பற்றிய கருத்துகள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் அடி வாங்கிய படம். 20 கோடி டாலரைச் சற்றுத் தாண்டி நின்றது, பட்ஜெட்டே அதைவிட அதிகம். இரண்டு மாதம் கழித்து, மே மாதம், அதே டிஸ்னி அதே மாதிரி ஒரு பழைய கார்ட்டூனைத் திரும்ப எடுத்து 'லிலோ & ஸ்டிச்' என்று விட்டது. 100 கோடி டாலர் தாண்டியது. டிஸ்னியை வெறுத்துக் கைவிட்ட குடும்பங்கள் இரண்டு மாதத்தில் சமாதானமாகிவிட்டார்களா? 'ஸ்நோ ஒயிட்' விஷயத்தில் சர்ச்சை கொஞ்சமாவது கடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்; இது என் கணிப்பு, அளந்து காட்ட வழியில்லை. குழந்தை கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற படமாக இருந்தால் அந்தக் கடி தெரியாது. வரலாமா வேண்டாமா என்று அப்பா அம்மா யோசிக்கிற படமாக இருந்தால், சர்ச்சை அந்தத் தயக்கத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

பார்பி படத்தையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் வந்தபோது பழமைவாதப் பேச்சாளர்கள் அதைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். உள்நாட்டில் மட்டும் 63 கோடி டாலருக்கு மேல், உலகம் முழுக்க 144 கோடி. அதே நாளில் வெளியான, மூன்று மணிநேரம் ஓடும் 'ஓப்பன்ஹைமர்' 95 கோடி டாலரைத் தாண்டியது. அந்த வாரம் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், காலை ஒன்பது மணிக் காட்சியே நிரம்பியது.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும், ஏனென்றால் வெறுப்பு காசாக மாறிய இடமும் இருக்கிறது. 2023 ஜூலை 4 அன்று வந்த 'சவுண்ட் ஆஃப் ஃப்ரீடம்' படம் அப்படி. 2018 இலேயே எடுத்து முடித்து, ஃபாக்ஸ் நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபோது இடையில் மாட்டிக்கொண்டு கிடந்த படம். ஏஞ்சல் ஸ்டூடியோஸ் அதை எடுத்து வெளியிட்டது. 'ஹாலிவுட் உங்களுக்குக் காட்ட விரும்பாத படம்' என்ற தொனிதான் அதன் விளம்பரமே. ஒருவர் பணம் கட்டி இன்னொருவருக்கு டிக்கெட் வாங்கிவைக்கும் ஏற்பாடும் செய்தார்கள். உள்நாட்டில் 18 கோடி டாலர் தாண்டியது, அந்த ஆண்டு வந்த 'மிஷன் இம்பாசிபிள்' படத்தைவிட உள்நாட்டில் அதிகம். பணம் கட்டிய எல்லா இருக்கையிலும் ஆள் உட்கார்ந்தார்களா என்று கேட்டால் இல்லை. சில காட்சிகளில் விற்ற டிக்கெட்டுக்கும் உள்ளே இருந்த தலைக்கும் இடைவெளி கண்ணுக்கே தெரிந்தது. ஆனால் பல காட்சிகளில் சர்ச் கூட்டம் பேருந்து வைத்து வந்ததும் உண்மை. ஹாலிவுட் மேலுள்ள அவநம்பிக்கை ஒரு படத்தை ஓட வைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இந்தக் கூட்டம் புதிதாக முளைத்தது இல்லை. 2004 இல் 'தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட்' 3 கோடி டாலரில் எடுக்கப்பட்டு உள்நாட்டில் 37 கோடி அள்ளியது. இருபது வருடம் முன்பும் இவர்கள் இருந்தார்கள், ஸ்டூடியோக்கள்தான் அவர்களுக்குப் பெரிதாகப் படம் எடுக்கவில்லை.

ஹாலிவுட்டைத் திட்டுவதும் பழைய வழக்கம்தான். 1921 இல் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள் மீது வழக்கு வந்தபோது நாடே 'சினிமாக்காரர்கள் எல்லாம் கெட்டவர்கள்' என்று கொதித்தது. கடைசியில் அவர் விடுதலையானார், மார்க்கெட் போனது போனதுதான். பயந்துபோன ஸ்டூடியோக்கள் மறுவருடமே வில் ஹேஸ் என்ற அரசியல்வாதியைத் தங்கள் சங்கத்துக்குத் தலைவராகக் கொண்டுவந்து உட்கார வைத்தன. 1934 இல் கத்தோலிக்கத் திருச்சபை, ஒழுக்கக்கேடான படங்களைப் பார்ப்பதில்லை என்று லட்சக்கணக்கானவர்களிடம் உறுதிமொழி வாங்கியது. பிலடெல்பியா பேராயர் படம் பார்ப்பதையே நிறுத்தச் சொன்னார். அது நிஜமாகவே வலித்தது, தணிக்கை விதிகள் அதே ஆண்டு இறுகின. அதற்கெல்லாம் பிறகுதான் 1946 இன் அந்தப் பெருங்கூட்டம். அப்புறம் 1947 இல் ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட்களைத் தேடிய நாடாளுமன்ற விசாரணை வந்தது, கூட்டமும் அதே சமயத்தில் சரியத் தொடங்கியது. அன்றைக்கு யாராவது 'மக்கள் ஹாலிவுட்டைத் தண்டிக்கிறார்கள்' என்று எழுதியிருந்தால் தேதிகள் பொருந்தியே இருக்கும். நடந்தது வேறு: போருக்குப் பிறகு குடும்பங்கள் புறநகருக்குப் போயின, கைக்குழந்தைகள் வந்தன, நகர நடுவில் இருந்த தியேட்டர் தூரமானது, பின்னாலேயே டிவி வந்தது.

கருத்துக்கணிப்புகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்பீர்கள். கேலப் நிறுவனம் 2001 முதல் ஒவ்வொரு துறையைப் பற்றியும் மக்களிடம் அபிப்பிராயம் கேட்கிறது, சினிமாத் துறையும் பட்டியலில் உண்டு. ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கும் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கும் இதில் பெரிய இடைவெளி இருக்கிறது, அது நிச்சயம். ஆஸ்கர் விழாவை டிவியில் பார்த்தவர்கள் 1998 இல் ஐந்தரைக் கோடி, 2021 இல் ஒரு கோடிதான், 2025 இல் இரண்டு கோடியை ஒட்டி நின்றது. மதிப்பு குறைந்ததற்கு இது அடையாளமா? ஓரளவுக்கு. நேரலை டிவி பார்ப்பதே பொதுவாகச் சரிந்த காலம் இது என்பதையும் கழித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இதை நான் பாதிச் சான்றாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஹாலிவுட் மேல் மனநிலை மாறி, அது வசூலையும் கவிழ்த்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய நாடு சீனா. 2019 இல் 'எண்ட்கேம்' அங்கே 63 கோடி டாலர் அளவுக்கு எடுத்தது. 2023, 2024 வாக்கில் ஒரு ஹாலிவுட் படம் அங்கே 10 கோடி தொட்டாலே விழா எடுக்கலாம் என்ற நிலை வந்தது. 2025 இல் அவர்களுடைய சொந்த அனிமேஷன் படமான 'நெஜா 2' 200 கோடி டாலருக்கு மேல் வாரியது, பெரும்பகுதி சீனாவிலிருந்தே. அங்கேயும் அரசின் கட்டுப்பாடு, இரு நாட்டு உறவு, உள்ளூர்ப் படங்களின் தரம் எல்லாம் கலந்துதான் இருக்கின்றன. ஆனாலும் 'எங்கள் கதையை நாங்களே எடுப்போம், உங்களுடையது இப்போது பழசு' என்ற எண்ணம் அங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. அமெரிக்கச் சண்டையில் நாள் முழுக்க மூழ்கிக் கிடப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. 25 கோடி டாலர் பட்ஜெட் போடும் தைரியமே சீன வசூலை நம்பி வந்ததுதான். வசூல் போய்விட்டது, பட்ஜெட் குறையவில்லை. தியேட்டர் பங்கும் விளம்பரச் செலவும் போக, பட்ஜெட்டைப் போல இரண்டரை மடங்கு வந்தால்தான் தப்பிக்கலாம் என்பது தொழிலில் சொல்லும் தோராயக் கணக்கு. 2023 இல் 'இண்டியானா ஜோன்ஸ்' 38 கோடி டாலர் எடுத்தும் தோல்வி. பார்த்தவர்களின் எண்ணிக்கை கேவலமாக இல்லை, செலவுதான் அடங்கவில்லை.

அப்படியானால் அமெரிக்காவில் கூட்டத்தைக் குறைத்தது எது? கோபத்தைவிட ஒரு சாதாரண வாக்கியம்: 'வீட்டுக்கு வந்ததும் பார்த்துக்கலாம்.' கொரோனாவுக்கு முன்னால் ஒரு படம் தியேட்டரிலிருந்து வீட்டுக்கு வர இரண்டரை மூன்று மாதம் ஆகும். 2020 இல் யுனிவர்சல் ஸ்டூடியோவும் ஏஎம்சி தியேட்டர்களும் 17 நாள் என்று ஒப்பந்தம் போட்டன. 2021 இல் வார்னர் ஸ்டூடியோ தன் படங்களை எல்லாம் அதே நாளில் வீட்டிலும் விட்டது. டிஸ்னி, தன் அனிமேஷன் நிறுவனமான பிக்ஸாரின் 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் நேராக ஓடிடிக்கு அனுப்பியது. பிக்ஸார் படம் என்றால் வீட்டில் வரும் என்று பெற்றோருக்குப் பாடம் நடத்தியது ஸ்டூடியோவேதான். 2023 இல் 'எலமெண்டல்' மூன்று கோடி டாலருக்கும் குறைவாகத் தொடங்கியது. அரசியல் பேசிய தண்டனை என்று அன்றே தீர்ப்பு எழுதினார்கள். படம் பார்த்தவர்கள் ஏ கொடுத்தார்கள், ஒருவர் சொல்லி ஒருவர் வந்து உள்நாட்டில் 15 கோடியும் உலகம் முழுக்க 50 கோடிக்கு நெருக்கமாகவும் வந்தது. தீர்ப்பு எழுதியவர்கள் திரும்பி வந்து திருத்தவில்லை. மறுவருடம் அதே பிக்ஸாரின் 'இன்சைட் அவுட் 2' 169 கோடி.

இந்த இடத்தில் என் கையிலிருக்கும் கணக்கின் எல்லையையும் சொல்ல வேண்டும். வசூல் எண் வந்தவரைத்தான் எண்ணும். வராதவர் கோபத்தில் வரவில்லையா, சோம்பலில் வரவில்லையா, நாலு பேர் குடும்பத்துக்கு டிக்கெட்டும் தீனியுமாக நூறு டாலர் ஆகிறதே என்று வரவில்லையா, அதைக் காட்டாது. கோபமே இல்லாமலிருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து சதவீதம் கூடுதலாக வந்திருக்கும் என்று யாராவது வாதிட்டால் அதை மறுக்க என்னிடம் ஆயுதம் இல்லை. ஐம்பது சதவீதம் என்றால் மறுப்பேன், மேலே சொன்ன ஜோடிப் படங்கள் போதும்.

பழைய நிலை திரும்புமா என்றால், 2019 இன் தலைக்கணக்கு திரும்பாது என்பதே என் கணிப்பு. ஃபாக்ஸ் தனியாக இருந்தபோது வருடத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பெரிய அளவில் தியேட்டருக்கு அனுப்பியது. டிஸ்னிக்குள் போன பிறகு அந்த வரிசை சுருங்கிவிட்டது. நடுத்தர பட்ஜெட் நகைச்சுவையும் காதல் கதையும் ஓடிடிக்குக் குடிபோய்விட்டன. வாரம் ஒரு படம் பார்த்தவருக்கு வாரம் ஒரு படம் கிடைக்காவிட்டால் வழக்கம் அறுந்துவிடும். அந்தக் காலித் திரைகளில் இப்போது வேறு ஆட்கள் வந்து உட்கார்கிறார்கள். 2023 இல் ஜப்பானின் 'காட்ஸில்லா மைனஸ் ஒன்' சப்டைட்டிலோடு அமெரிக்காவில் ஐந்தரைக் கோடி டாலர் எடுத்தது. 2025 செப்டம்பரில் ஜப்பானிய அனிமேஷன் படமான 'டெமன் ஸ்லேயர்' முதல் வார இறுதியிலேயே 7 கோடி. இந்திய மொழிப் படங்கள் வார இறுதியின் முதல் பத்துக்குள் வருவது இப்போது அதிசயமே இல்லை, வியாழக்கிழமை இரவு சிறப்புக் காட்சிக்கு நம் ஆட்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்து அமெரிக்க மேலாளர்கள் கூடுதல் திரை கேட்டு எங்களுக்குப் போன் செய்ததுண்டு. ஹாலிவுட் மேல் யாருக்கு என்ன அபிப்பிராயம் என்று அந்த வரிசையில் நின்றவர்களிடம் நாங்கள் கேட்கவில்லை, அந்த நேரத்தில் பாப்கார்ன் மெஷினுக்கு இன்னோர் ஆள் போட்டோமா என்பதுதான் கவலை.